ஏழு நிமிடத் துண்டுகளாக ஒரு மேடை வாழ்க்கை

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்ற பழமொழியை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. நான் ஸ்டாண்ட்-அப் காமெடி மேடையில் நின்று பிறரைச் சிரிக்க வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவன். குடலைப் புண்ணாக்கும் குரோன் நோயோடு பதினான்கு ஆண்டுகளாக வாழ்பவன். மருந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நோயாளியாக இருக்கிறாயே என்கிற செல்லக் கண்டனம் அந்தப் பழமொழிக்குள் ஒளிந்திருக்கும். மேடையில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: “நான் சிரிக்க வைத்தவர்களுக்கெல்லாம் நோய் போயிருக்கலாம், யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. எனக்கு ஏன் போகவில்லை என்றால், என் ஜோக்குக்கு நானே சிரிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம்.”

மேடைக்கு வெளியே என் பதில் இதைவிட நீளம். நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், கடுமையான மூட்டு நோயால் படுத்த படுக்கையாக இருந்தபோது, பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1970-களில் எழுதினார். சிரிப்பே சிகிச்சை என்று பேசுபவர்கள் பலர் அவரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் அதே காலத்தில் வைட்டமின் சி-யையும் மிக அதிக அளவில் ஏற்றிக்கொண்டார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அவருடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. மேடையில் நிற்கும் நாற்பது நிமிடமும் எனக்கு வலி தெரியாது. ஆனால் ஒப்பனை அறையின் கதவைச் சாத்தியதும் அது வட்டியோடு திரும்பி வரும். சிரிப்பு வலியைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தி வைக்கிறது. குடலில் உள்ள புண்ணை ஆற்றுவதில்லை. என்னை இத்தனை ஆண்டுகள் மேடையில் வைத்திருந்தவை மருந்தும், முன்கூட்டியே செய்துவைத்த சில ஏற்பாடுகளுமே. அந்த ஏற்பாடுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நோய் பிடிபட்டபோது எனக்கு இருபத்தேழு வயது. பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை, இரவில், யாரும் ஏறிப் பேசிப் பார்க்கலாம் என்கிற ஓபன் மைக் மேடைகளில் ஐந்தைந்து நிமிடம். அடிவயிற்றின் வலப்பக்கம் வலிக்கும். சாப்பிட்ட அரை மணிக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டும். எட்டு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தேன். நான் பார்த்த முதல் மருத்துவர் டென்ஷன் என்றார். இரண்டாமவரும் டென்ஷன் என்றார், கூடவே மேடையை விடச் சொன்னார். இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூச்சத்தால் நான் பாதி அறிகுறிகளைத்தான் சொன்னேன். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கையும், மலத்தில் எப்போதாவது தெரிந்த இரத்தத்தையும் சொல்லவில்லை. ‘எத்தனை தடவை?’ என்று மூன்றாவது மருத்துவர் கேட்டபோதுதான் முதன்முறையாக உண்மையான எண்ணிக்கையைச் சொன்னேன். பதினொன்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மனப்பதற்றத்தால் வரும் வயிற்றுக் கோளாறு பொதுவாக ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது, எடையைக் கரைக்காது, இரத்தம் காட்டாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்த பிறகும் உடனே பெயர் சொல்லிவிடவில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் காசநோயும் இதேபோலத்தான் தாக்கும் என்பதால், அதை விலக்கிய பிறகே குரோன் நோய் என்று உறுதி செய்தார்கள். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எந்த இடத்திலும் வரக்கூடிய அழற்சி இது. சில காலம் சீறும், சில காலம் அடங்கியிருக்கும். மரபணு, நோய் எதிர்ப்பு மண்டலம், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சுற்றுச்சூழல் எல்லாம் இதில் பங்கு வகிக்கின்றன. கட்டுக்குள் வைக்கலாம், முற்றிலும் நீக்க முடியாது. தொற்று அல்ல. கடைசி வாக்கியத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நான் பயன்படுத்திய மைக்கைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்ட ஒரு சக கலைஞரை எனக்குத் தெரியும்.

இந்த நோயின் பெயரே ஒரு நகைச்சுவைத் துணுக்கு. 1932-இல் இதைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை மூவர் சேர்ந்து எழுதினார்கள்: குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர். ஆங்கில அகர வரிசையில் குரோனின் பெயர் முதலில் நின்றதால் நோய் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வரிசை தலைகீழாக இருந்திருந்தால் நான் இன்று ஓப்பன்ஹைமர் நோயாளி; அணுகுண்டோடு தொடர்புடைய அந்த இன்னொரு ஓப்பன்ஹைமரை அவையினருக்கு நினைவூட்டிவிட்டு, என் வயிற்றின் இரவு நேர நடவடிக்கைகளை விவரித்தால் போதும், வேறு பன்ச் தேவையில்லை. ஆனால் இந்தத் துணுக்கைச் சொல்லும் துணிவு வர எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

அந்த நான்கு ஆண்டுகளும் மறைத்தேன். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் தமக்குப் பார்க்கின்சன் நோய் என்று 1991-இல் அறிந்து, 1998-இல்தான் உலகுக்குச் சொன்னார் என்பதைப் பின்னாளில் படித்தபோது, அந்த ஏழு ஆண்டுகளும் படங்களிலும் பிறகு நகைச்சுவைத் தொடரிலும் நடிப்பதற்கு அவர் மாத்திரை வேளைகளை எப்படியெல்லாம் கணக்கிட்டிருப்பார் என்பது எனக்கு விளக்காமலே புரிந்தது. நானும் நிகழ்ச்சி நாளில் காலையிலிருந்து எதுவும் சாப்பிட மாட்டேன். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்வேன். அழற்சி தீவிரமாக இருக்கும்போது அந்த மாத்திரை ஆபத்தாகலாம் என்று தெரிந்த பிறகு நிறுத்தினேன். பட்டினி கிடந்து மேடையேறியவனின் குரல் மூன்றாவது நிமிடத்திலேயே காற்றுப்போன பந்தாகிவிடும். பார்த்தவர்கள் என்னைச் சோம்பேறி என்றார்கள், சிலர் குடிகாரன் என்றார்கள். மறைப்பதால் கெட்ட பெயரிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்தவனுக்கு நோயின் பெயரைவிட மோசமான பெயர்கள் கிடைத்தன.

ஒரு நிகழ்ச்சி எல்லாவற்றையும் மாற்றியது. நாற்பது நிமிட செட், அதாவது ஒரே மூச்சில் நான் மட்டும் நிகழ்த்தும் பகுதி. பதினெட்டாவது நிமிடத்தில் வயிறு முறுக்கியது. அதுவரை மெல்ல வளர்த்துக் கொண்டுவந்த கதையின் நடுவில் இருந்தேன். அதன் சிரிப்பு முழுவதும் முப்பத்தைந்தாவது நிமிடத்தில்தான் விழும். எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. நெற்றியில் வியர்வை, முன்வரிசையில் இருந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அதையும் செட்டின் பகுதி என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். கதையைப் பாதியில் விட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத கடைசித் துணுக்குக்குத் தாவி, வணக்கம் சொல்லி இறங்கினேன். கடிகாரம் இருபத்திரண்டு நிமிடம் காட்டியது. கழிப்பறை அரங்கத்தின் மறுகோடியில், பார்வையாளர் வரிசைக்குப் பின்னால் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தேனா இல்லையா என்பதை நான் இன்னும் மேடையில்கூடச் சொன்னதில்லை. ஏற்பாட்டாளர் பாதிச் சம்பளம் தந்தார். அவர் மேல் தவறில்லை, அவருக்கு எதுவும் தெரியாது.

அன்றிரவு வண்டியில் அழைத்துவந்த அக்கா வீடு வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “ஏன்டா, பாதியிலேயே நிறுத்த வேண்டி வரும்னு தெரியுமில்ல, பாதியிலேயே முடியற மாதிரி எழுதினா என்ன?” என்றாள். அவள் நகைச்சுவைத் துறையில் இல்லாதவள். அதனால்தான் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

அதன்பிறகு நான் எழுதும் எல்லாச் செட்டுகளும் ஏழு நிமிடத் துண்டுகளால் ஆனவை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொடக்கம், ஒரு வளர்ச்சி, கைதட்டலோடு இறங்கிப் போகக்கூடிய ஒரு முடிவு இருக்கும். நாற்பது நிமிடமென்றால் ஐந்து துண்டுகளும் ஒரு சிறு முன்னுரையும். எந்தத் துண்டின் முடிவிலும் நான் விடைபெறலாம், பார்ப்பவருக்கு அதுதான் திட்டமிட்ட முடிவு என்றே தோன்றும். துண்டுகளுக்கு இடையே ஒரு மெல்லிய இழை ஓடும். முழுவதும் நிகழ்த்தினால் அது தெரியும், நிறுத்திவிட்டால் அதன் குறை தெரியாது. இது நோயால் வந்த கட்டாயம்தான். ஆனால் இதனால் என் எழுத்து முன்பைவிட இறுக்கமானது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் வரப்போகும் சிரிப்புக்காக அவையினரைக் காக்கவைக்கும் ஆடம்பரம் எனக்கு இல்லை என்பதால், ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கப் பழகினேன். ஆசிரியர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் இதே முறையைத் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஏற்பாடு, ஒரு பக்கத் தாள். நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போதே ஏற்பாட்டாளருக்கு அதை அனுப்பிவிடுவேன். முதல் இரண்டு வாக்கியங்களில் நோயின் பெயரும், அது தொற்றாது என்பதும். அதன்பின் வேண்டுகோள்கள்: மேடையிலிருந்து ஒரு நிமிட நடையில் பூட்டாத கழிப்பறை, மேடையில் ஓர் உயரமான நாற்காலி, பலர் பங்குபெறும் நிகழ்ச்சியானால் முதல் பாதியில் என் முறை, நான் முன்னதாக முடித்தால் நேரத்தை நிரப்ப ஒரு தொகுப்பாளர், உடல் முற்றிலும் ஒத்துழைக்காத நாளில் எனக்குப் பதிலாக வரச் சம்மதித்திருக்கும் கலைஞரின் பெயர். தொடக்கத்தில் இந்தத் தாளில் இரண்டு பத்தி மன்னிப்பும் நன்றியும் இருந்தன. அவற்றை நீக்கியதும் ஏற்பாட்டாளர்கள் அதை இன்னும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்போடு கேட்டால் சலுகை போலத் தெரிகிறது. ஒலிபெருக்கி, விளக்கு என்ற பட்டியலோடு சேர்த்துக் கேட்டால் அதுவும் ஒரு மேடைத் தேவையாகிவிடுகிறது. மறுத்தவர்களும் உண்டு. மறுப்பு முன்கூட்டியே தெரிந்துவிடுவதும் இந்தத் தாளின் பயன்தான்.

பதிலிக் கலைஞரை அமர்த்துவது எங்கள் தொழிலில் வாய்ப்பைத் தானம் செய்வதற்குச் சமம் என்று மூத்தவர் ஒருவர் எச்சரித்தார். “தம்பி, ஒரு தடவை இடத்தைக் கொடுத்தா திரும்பக் கிடைக்காது” என்றார். “கொடுக்காமலே இருந்தா ஏற்பாட்டாளரே கிடைக்க மாட்டார் அண்ணே” என்றேன். இத்தனை ஆண்டுகளில் பதினேழு முறை பதிலியை அனுப்பியிருக்கிறேன். இரண்டு இடங்களில் அதன்பின் அவரையே அழைத்தார்கள். வலிக்கத்தான் செய்தது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, குறிப்பாக ஸ்டீராய்டைப் பற்றி. நோய் சீறியபோது எனக்கு அழற்சியை அடக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் தொடங்கி, வாரந்தோறும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வலி மூன்றே நாளில் அடங்கியது. கூடவே தூக்கமும் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் கை நிற்காது. உலகின் தலைசிறந்த நகைச்சுவை எழுத்தாளன் நான்தான் என்ற உறுதியோடு அறுபது பக்கம் எழுதினேன். அளவு குறைந்தபின் படித்துப் பார்த்தேன். தேறியவை இரண்டு துணுக்குகள். மீதிப் பக்கங்களில் பல வாக்கியங்களுக்கு நான்கைந்து ஆச்சரியக்குறிகள் இருந்தன. அந்த மாதங்களில் முகம் பந்துபோல உப்பியது. “கொஞ்சம் சதை போட்டு இப்பத்தான் சார் பார்க்க நல்லா இருக்கீங்க” என்று வாழ்த்தியவர்களுக்கு நன்றி சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நான் உடல் நலமாக இருந்தபோதெல்லாம் ‘இளைத்துவிட்டீர்களே’ என்றார்கள். உடல் சீர்கெட்டிருந்தபோது ‘தேறிவிட்டீர்கள்’ என்றார்கள். வெளித்தோற்றத்தை வைத்து ஒருவரின் உடல்நிலையைச் சொல்லும் பழக்கத்தை நானே விட்டது அப்போதுதான்.

ஸ்டீராய்டில் நீண்ட காலம் இருக்க முடியாது, எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். ஆகவே பிறகு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற உயிரியல் மருந்துக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் 1998-இலேயே குரோன் நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும் என்பதால் அது தவிர்க்கக் கூடாத படி. முதல் ஊசிக்குப் பின் இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அதன்பின் எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். என் ஆண்டு நாட்காட்டி இப்போது மாதங்களால் ஆனதன்று, எட்டு எட்டு வாரங்களால் ஆனது. ஏழாவது வாரத்தின் நடுவிலிருந்து சோர்வு கூடும் என்பதை இரண்டு ஆண்டு நாட்குறிப்பு காட்டிக்கொடுத்தது. அந்த வாரங்களில் பயணமுள்ள நிகழ்ச்சிகளை ஒப்புக்கொள்வதில்லை.

அந்த நாட்குறிப்பைப் பற்றி ஒரு சொல். கழிப்பறைக்குப் போன எண்ணிக்கை, வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண், தூங்கிய மணி, அன்று நிகழ்ச்சி உண்டா இல்லையா; இவ்வளவுதான், ஒரு நாளுக்கு ஒரு வரி. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டால் மேடைக்காரனான எனக்குக் கதை சொல்லத்தான் வரும். அன்றைய மனநிலைக்கேற்ப கதை மாறும். வரிகள் மாறுவதில்லை. தொடர்ந்து களைப்பாக இருந்த ஓர் ஆண்டு, அதை மனத்தளர்ச்சி என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். நாட்குறிப்பைப் பார்த்துவிட்டு மருத்துவர் இரும்புச்சத்தையும் வைட்டமின் பி12-ஐயும் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டும் தரையில் கிடந்தன. பி12 உறிஞ்சப்படும் இடமே சிறுகுடலின் கடைசிப் பகுதிதான். எனக்குப் புண் இருக்கும் இடமும் அதுவே. இன்னொரு முறை, நீண்ட பயணத்தால் வந்த முதுகுவலிக்குக் கடையில் கிடைத்த டைக்குளோஃபெனாக் மாத்திரையை நான்கு நாள் விழுங்கியதும் அதே நாட்குறிப்பில் பதிவாகியிருந்தது. அந்த வகை வலிமாத்திரைகள் குரோன் நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதை மூன்று வார மருத்துவமனைவாசத்தில் கற்றேன்.

இனி, நோயை மேடையில் பேசுவது. முதன்முறை பேசியபோது, நேர்மையாக இருக்க வேண்டும் என்ற வேகத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். அவையிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ‘ஐயோ பாவம்’ என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருடைய முகமும் சொன்னது. அதன்பின் நான் கழுத்தை அறுத்துக்கொண்டு தலைகீழாக நின்றிருந்தாலும் அன்று சிரித்திருக்க மாட்டார்கள். இரக்கப்படும் மனிதர் சிரிக்கத் தயங்குவார். சிரித்தால் தாம் கெட்டவர் ஆகிவிடுவோமோ என்ற அச்சம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் டிக் நொட்டாரோ 2012-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேடையொன்றில் வணக்கம் சொன்ன கையோடு தமக்குப் புற்றுநோய் என்று அறிவித்து அவையைச் சிரிக்கவும் வைத்தார் என்றால், அது அவருடைய தேர்ச்சி. எனக்கு அது கைவரவில்லை. நான் இப்போது இரண்டாவது துண்டில்தான் நோயைக் கொண்டுவருகிறேன். அதற்குள் பத்து நிமிடம் போயிருக்கும். இந்த ஆள் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அவைக்கு வந்திருக்கும். நோயின் விளக்கம் மூன்று வாக்கியத்துக்குமேல் போகாது, மூன்றாவது வாக்கியமே ஒரு சிரிப்பாக இருக்கும். அந்தச் சிரிப்புதான் அவர்களுக்கு நான் தரும் அனுமதிச் சீட்டு.

அந்தத் துண்டில் ஒரு காலத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: “மருந்து கேட்கலைன்னா வயித்துல பை மாட்டி விட்டுடுவாங்களாம். அதுக்கு நான் அரசியலுக்கே போயிடுவேன், அங்கயும் பைதான்.” நல்ல சிரிப்பு. ஓராண்டு சொன்னேன். ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் வாசலருகே காத்திருந்தார். என்னைப் பாராட்டினார், ஓப்பன்ஹைமர் துணுக்கைத் தம் மகனிடம் சொல்லப்போவதாகச் சொன்னார். பிறகு, குரலை உயர்த்தாமல், “தம்பி, அந்தப் பை எனக்கு இருக்கு. அது இருக்கறதாலதான் ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்து உங்க நிகழ்ச்சியைப் பார்த்தேன். பன்னெண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை” என்றார்.

எனக்கு அப்போது மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவரும் அதற்காக நிற்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். என் நோயை நான் கிண்டல் செய்கிறேன், எனக்கு உரிமை உண்டு என்ற நினைப்பில், என்னைவிட அந்த நோயில் வெகுதூரம் நடந்து போனவர்களின் உடலை நான் அச்சுறுத்தும் பொம்மையாக்கியிருந்தேன். அதைவிட மோசமானது, நான் அந்தப் பையைப் பார்த்ததே இல்லை. மருத்துவமனையில் ஸ்டோமா நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் செலவிட்டேன். ஸ்டோமா என்றால், குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவரில் திறந்துவிட்டு, கழிவு ஒட்டும் பையில் சேர்வதுபோலச் செய்வது, நன்றாகப் பொருத்தினால் வாடை வராது, உடைக்கு வெளியே தெரியாது, சிலருக்குத் தற்காலிகம், சிலருக்கு நிரந்தரம், நீந்தலாம், ஓடலாம். தம் இடுப்பில் ஒரு வெற்றுப் பையை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு மாலையில் அதைக் கழற்றிக் காட்டிய அந்தச் செவிலியர், “காலையில இருந்து இது இருக்கு, நீங்க கவனிச்சீங்களா?” என்று கேட்டார். கவனிக்கவில்லை.

அந்த வரியை நீக்கினேன். அதன் இடத்தில் இப்போது வரும் துணுக்கில், பை மாட்டியவர் நிம்மதியாகப் படம் பார்க்கிறார், பை இல்லாத நான் இடைவேளை வருமுன்பே மூன்று முறை எல்லோருடைய முழங்கால்களையும் மிதித்துக்கொண்டு வெளியேறுகிறேன். சிரிப்பு முன்பைவிட அதிகம். நோய் பற்றி எழுதும் இளைய கலைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், இந்தத் துணுக்கில் அடி வாங்குவது யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள் என்பேன்.

நான் செயல்பாட்டாளன் ஆனதும் அந்த மாலையிலிருந்துதான் என்று சொல்லலாம், அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் பெரிது என்றாலும். ஆண்டுதோறும் மே 19 உலகக் குடல் அழற்சி நோய் நாள். நோயாளிகள் கூடும் கூட்டங்களில் பேச அழைப்பார்கள். மேடையில் சொன்ன ஒரு துணுக்கு அங்கே வேறு பொருள் கொள்ளும் என்பதை முதல் ஆண்டிலேயே உணர்ந்தேன். ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு விடுதலைப் பாட்டுப் பாடுவதாக ஒரு காட்சி நடித்துக் காட்டுவேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு உண்மையிலேயே நிறுத்திவிட்டான் என்று அவன் தாய் எழுதினார். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், சொந்தமாக அந்தச் சுரப்பைத் தயாரிக்க மறந்துபோன உடல் நிலைகுலைந்துவிடும். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவன் பிழைத்தான். நான் அந்தக் காட்சியை அன்றோடு விட்டேன். என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு வரும் செய்திகளுக்கு, உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தருகிறேன். பதிலை எழுதித் தருவதில்லை. மருந்து நிறுவனம் பணம் கொடுத்து அழைத்தால் போவதில்லை என்றும் வைத்திருக்கிறேன். போகிறவர்களை நான் குறை கூறவில்லை, ஆனால் யார் பணம் கொடுத்தார்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கூட்டங்களில் நான் பேசுவது பெரும்பாலும் கழிப்பறையைப் பற்றித்தான். 2005-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், இத்தகைய நோயுள்ளவர்களைச் சில நிபந்தனைகளோடு கடை ஊழியர்களின் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. ஆலி பெய்ன் என்ற பெண்ணுக்குப் பதினான்கு வயதில் ஒரு கடையில் கழிப்பறை மறுக்கப்பட்டது. தனக்கு நேர்ந்ததை அவர் மறைக்காமல் பேசப்போய் அந்தச் சட்டம் வந்தது, பின்னர் வேறு மாநிலங்களிலும் வந்தது. அதைப் படித்தபோது, இருபத்திரண்டாவது நிமிடத்தில் இறங்கி ஓடியதை வெளியே சொல்லக் கூசிய என் நினைவு வந்தது. இப்போது நான் நிகழ்த்தும் அரங்குகளில், எனக்காக மேடைப் பக்கம் திறந்துவைக்கும் கழிப்பறையைப் பார்வையாளருக்கும் திறந்துவைக்கக் கேட்கிறேன். ஓரத்து இருக்கைகளில் சிலவற்றைக் கேட்பவர்களுக்காகக் காரணம் விசாரிக்காமல் ஒதுக்கச் சொல்கிறேன். முதல் கோரிக்கைக்குப் பல அரங்குகள் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுக்கின்றன. இரண்டாவதை அநேகமாக எல்லோரும் ஏற்கிறார்கள், செலவில்லாதது என்பதால்.

நாற்காலி பற்றி மட்டும் முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. நின்று நிகழ்த்துவதுதான் இந்தக் கலையின் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையருக்கு 1986-இல், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பல்கூறு இழைமக் கெட்டித்தல் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய் என்று தெரிந்தது. 1990-களில் அவர் உட்கார்ந்தபடியே மேடையில் நிகழ்த்தினார். பார்க்கின்சன் நோயை 2013-இல் அறிவித்த ஸ்காட்லாந்து நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலி, அதன்பின்னும் சில ஆண்டுகள் மேடையில் தொடர்ந்து, 2018-இல் விலகினார். தொடரவும் விலகவும் அவரவர் நேரம் உண்டு என்பதை இந்த இருவரையும் சேர்த்து நினைக்கும்போது ஏற்றுக்கொள்ள முடிகிறது. என் நாற்காலியில் முதல் மூன்று துண்டுகள் வரை பெரும்பாலும் நான் உட்காருவதில்லை. அது அங்கே இருப்பதே போதும்.

இந்தத் தொழிலில் எளிதாகக் கிடைக்கும் சிரிப்பு ஒன்று உண்டு: நிகழ்ச்சி நடுவே எழுந்து போகிறவரைக் கிண்டல் செய்வது. ‘அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?’ என்றால் போதும், அரங்கம் அதிரும். நானும் முதல் சில ஆண்டுகள், வயிறு முறுக்க முறுக்க மேடையில் நின்றுகொண்டே, பிறரை அப்படிக் கிண்டல் செய்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு நிகழ்ச்சியில் நான்காவது துண்டின் நடுவே ஓரத்து இருக்கையிலிருந்து ஓர் இளைஞர் குனிந்தபடி எழுந்து போனார். பழக்கத்தில் சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள், வரப்போகும் கிண்டலுக்காக. நான் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன், முன்வரிசையில் இருந்தவர்களிடம் பொதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும், அவர் எழுந்த இடத்திலிருந்து அந்தத் துணுக்கை மறுபடி தொடங்கினேன்.